சந்தோலி முத்திரை

சிவமயம்

பைரகோட்
04.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக வந்து சேர்ந்தோம். அப்பா என்று எழுதக் கை கூசுகிறது. அஸ்திப்பெட்டி என்று எழுத அதைவிடக் கூசுகிறது. நீங்கள், அத்தான், பிள்ளை லக்சனா எல்லோரும் எப்படி? அம்மாவுக்குச் சீனி எவ்வளவில் நிற்கிறது?

தெரு இந்த ஊரோடு முடிகிறது. இதற்கு மேலே சந்தோலிக்கு நடைதான். இடையில் ஒரு மடத்தில் தங்கி அடுத்தநாள் ஏறவேண்டும். எழுபத்துநாலாம் ஆண்டில் அப்பா சிநேகிதர்களோடு ரயிலேறி வந்து நடந்த அதே வழி. அவர் சொன்ன ஆறு இருக்கிறது, ஆற்றுக்கு மேலே கம்பிப் பாலம் இருக்கிறது, அதைத் தாண்டினால் தேவதாரு மரங்களும் மேகமும். நாளை விடியப் புறப்படுகிறேன்.

மேலே போன் எடுக்காதாம். என் போனை அணைத்து இங்கே தேத்தண்ணிக்கடை நேகியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். கடிதத்தை அவருடைய கடை விலாசத்துக்கே போடுங்கள். தபால்காரர் நடந்து மேலே கொண்டுவருவார். என் கடிதங்களும் அவர் கையில் இறங்கி, பைரகோட்டில்தான் முத்திரை குத்துவார்கள். ஐப்பசி கழிந்து பனி கொட்டினால் வழி மூடிவிடும். பிறகு சித்திரை மட்டும் ஒரு கடிதமும் ஏறாது, இறங்காது.

மகாளய அமாவாசைக்கு அப்பாவை, அவர் கதைகதையாய்ச் சொன்ன சந்தோலிக் குளத்தில் விட்டுவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அதுவரை ஒருநேரச் சாப்பாடு என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள்.

என்றும் அன்புத் தம்பி,
ரதீசன்

•

சிவமயம்

லாசால், மொன்றியல்
21.09.2024

அன்புள்ள தம்பி ரதீசனுக்கு,

நாங்கள் இங்கே இருக்கிறபடி இருக்கிறோம். காலுக்குச் சோடி மாற்றி உலர்ந்த காலுறை போடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

உன் கடிதத்தைப் பார்த்து அத்தான் மலைத்துப்போனார். பிறந்த நாள் முதல் “ஓம்”, “இல்லை”, “பேந்து பாப்பம்” என்ற மூன்று சொல்லோடு காலம் தள்ளிய பிள்ளை, தேவதாரு, மேகம் என்று எழுதுகிறது. மலைக்காற்று நல்லதுதான் போலிருக்கிறது.

அம்மாவின் கதையை என்ன சொல்ல? காலையில் இன்சுலின் ஊசி, மத்தியானம் ஒரு பிடி சோறு, அதற்குப் பிறகு வெறும் தண்ணீர். அப்பா போன மாசியிலிருந்து இதே பாடுதான். வைத்தியர் அம்மாவை விட்டுவிட்டு என்னைத்தான் ஏசுகிறார். போன கிழமை நான் கார்டெரியில், காப்பகத்துப் பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டு நிற்க லக்சனா போன் எடுத்தாள். அம்மா குசினியில் தலைசுற்றி விழுந்துவிட்டார். ஓடி வந்து சீனித் தண்ணீர் கரைத்து வாயில் ஊற்றினேன். கண் திறந்ததும் சொன்ன முதற்சொல்: “அவரைக் கரைச்சுப்போட்டன் எண்டு அவன் எழுதட்டும், பேந்து சாப்பிடுறன்.” நான் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மனதில் இருக்கிறதைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையெல்லாம் இங்கே ஆற்றங்கரையில் முடிந்தபிறகு, அப்பாவை நானே கொண்டுபோகிறேன் என்று கேட்டேன் அல்லவா? அம்மா ஒரே சொல்லில் மறித்தார்: “ஆம்பிளைப்பிள்ளை ஒண்டு குத்துக்கல்லு மாதிரி இருக்க நீயேன்?” சண்டைக்குத் தப்பிக் கிளாலிக் கடலைக் கடந்த நாளில் அப்பா உன்னைத் தோளில் வைத்து, என்னைக் கையில் பிடித்து, இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்துக்கு நடந்தார். தோளில் இருந்தவனுக்குத்தான் உரிமை, கையில் பிடிபட்டவளுக்கு இல்லைப்போலும். போகட்டும். யார் கொண்டுபோனாலும் அப்பா போய்ச் சேர்ந்தால் சரி.

கெதியாக எழுது. உன் கடிதத்தில் அம்மாவின் உயிர் நிற்கிறது.

அன்பு அக்கா,
அஜந்தா

•

சிவமயம்

சந்தோலி
03.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை. எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நேற்று அமாவாசை. அப்பாவைக் குளத்தில் விட்டேன்.

விடியற்காலையில் மூடுபனி விலகும்வரை கரையில் காத்திருந்தேன். குளக்கரையில் யானை படுத்ததுபோல ஒரு வெள்ளைப் பாறை இருக்கிறது. பக்கத்தில் மரத்தாலான மணிக்கூண்டு. வெள்ளைக்காரர் கோடைக்காகக் கட்டிய வீடுகள் மேட்டில் வரிசையாகத் தெரிகின்றன. மணி அடித்தது. வெயில் தண்ணீரில் விழுந்ததும் பெட்டியைத் திறந்தேன். தண்ணீர் நீலமாக, கண்ணாடியாக இருந்தது. அப்பாவை மெல்ல வாங்கிக்கொண்டது. ஒரு சாம்பல்துளிகூடக் கரைக்குத் திரும்பி வரவில்லை.

இதை அம்மாவுக்கு ஆறுதலாக வாசித்துக் காட்டுங்கள். இனி அம்மா சாப்பிடட்டும்.

அன்புத் தம்பி,
ரதீசன்

•

சிவமயம்

லாசால்
22.10.2024

என் அன்புத் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்கவேண்டும். முதலில் அதை எழுதிவிட்டுத்தான் மற்றது.

வேலையால் வரும்போது தபால்பெட்டியில் உன் கடிதம் கிடந்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் கட்டிலில் இருந்து வாசித்தேன். வெள்ளைப் பாறை மட்டும்தான் நான் வாசித்தது. மிச்சத்தை லக்சனாதான் எழுத்துக்கூட்டி வாசித்தாள். அம்மா அழவில்லை. நான் அழுத அழுகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வாசிச்சது காணும், மடிச்சு வை” என்றார். எவ்வளவு பக்குவம் பார் என்று நினைத்தேன்.

அன்று இரவு அம்மா இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார். ஒன்றல்ல, நாலு இடியப்பம். நான் பரிமாறிக்கொண்டே அழ, சொதிக்கு உப்புக் கூடப்போகிறது என்று அத்தான் பகிடி விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதானம் கொடுத்தோம். எல்லோரும் அம்மாவின் கையைப் பிடித்து, பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெறவேண்டும் என்றார்கள். பக்கத்தில் வாளியும் கரண்டியுமாக நின்ற என்னையும் அவர்தான் பெற்றார் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கோபமில்லை, சும்மா சொல்கிறேன். உன்னில் எனக்கு இருந்த மனக்குறை எல்லாம் அந்தக் குளத்தோடு போய்விட்டது. நான் போயிருந்தால் இவ்வளவு வடிவாகச் செய்திருப்பேனா தெரியாது.

இனி வந்துவிடு. உன் அறைக்கு ஹீட்டர் போட்டு வைக்கிறேன்.

அன்பு அக்கா,
அஜந்தா

•

சிவமயம்

சந்தோலி
08.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மா சாப்பிட்டார் என்று அறிந்து நிம்மதி.

நான் இப்போதைக்கு வரவில்லை. இங்கே யாத்திரிகர் மடத்தில் குளிர்காலத்துக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது. தங்கிவிடுகிறேன். ஏன் என்று கேட்கவேண்டாம், எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அன்னதானத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவ்வளவு பெரிதாகச் செய்திருக்கவேண்டாம்.

பனி தொடங்கிவிட்டது. தபால்காரர் நாளை இறங்குகிறார், இனிச் சித்திரையில்தான் ஏறுவார். இது இந்த வருடத்தின் கடைசிக் கடிதம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
ரதீசன்

•

சிவமயம்

கோட்-டெ-நெய்ஜ், ஆஸ்பத்திரியில் இருந்து
12.12.2024

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதம் உனக்குச் சித்திரையில்தான் கிடைக்கும் என்று தெரியும். நேகியின் கடையில் ஏதோ ஒரு தட்டில் கிடக்கட்டும். யாரோடாவது கதைக்காவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு நியுமோனியா. ஒரு கிழமையாக இங்கே வைத்திருக்கிறார்கள். சாப்பிடாமல் கிடந்த மாதங்கள் உடம்பை அரித்துவிட்டன என்று டொக்டர் சொல்கிறார். அந்த மனுசன் பிரெஞ்சில் சொல்ல, லக்சனா எனக்குச் சொல்ல, நான் அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாமல் இருக்கிறேன். ஊசி ஏற்ற வந்தால் கையை இழுத்துப் போர்வைக்குள் ஒளிக்கிறார். இரண்டு நேர்ஸ்மார் பிடிக்கவேண்டியிருக்கிறது.

நான் காலையில் கார்டெரி, பின்னேரம் மெட்ரோ பிடித்து இங்கே. முகம் கழுவி, தலை இழுத்து, கஞ்சி பருக்கினால், அம்மா கண்ணைத் திறந்து வாசலைப் பார்க்கிறார். “தம்பி எப்ப வாறான்?” இவ்வளவுதான் கேள்வி. நான் அங்கேதான் நிற்கிறேன், தம்பி. கட்டிலுக்குப் பக்கத்தில். என்னை ஒருக்கால் பார்த்து, “சாப்பிட்டியோ?” என்று கேட்கவில்லை.

நேற்று என் கையைப் பிடித்து இன்னொன்று சொன்னார். “எனக்கு ஏதும் நடந்தா என்னையும் அவரோடை விடவேணும். தம்பிதான் கொண்டுபோகவேணும், என்ன?” நான் ஓம் என்றேன். அந்தக் குளம், அந்த வெள்ளைப் பாறை, அதை நினைத்துத்தான் அம்மா சொல்கிறார் என்று எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

உனக்கு இது கிடைக்கும்போது அம்மா எழும்பி வீட்டில் நடமாடவேண்டும் என்று கும்பிடு.

அன்பு அக்கா,
அஜந்தா

•

சந்தோலி
03.01.2025

அக்கா,

உங்கள் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. அவசரமாக எழுதுகிறேன், எழுத்து விளங்காவிட்டால் மன்னியுங்கள்.

அம்மாவுக்கு வலது கையில் நரம்பு பிடிபடாது. முன்பு சத்திரசிகிச்சை செய்தபோதும் குத்திக் குத்தி நீலமாக்கினார்கள். இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே ஏற்றச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் போடும் சின்ன ஊசி இருக்கிறது, அதைக் கேளுங்கள். ஆஸ்பத்திரிப் போர்வை அம்மாவுக்குச் சூடு காணாது. அப்பாவின் மண்ணிறச் சால்வை என் அலுமாரியில் மேல்தட்டில் இருக்கிறது, அதைப் போர்த்துவிடுங்கள். கஞ்சிக்குக் கொஞ்சம் இஞ்சி தட்டிப் போடுங்கள், அப்போதுதான் இறங்கும்.

தம்பி கேட்டதாகச் சொல்லுங்கள். தம்பி வருவான் என்று சொல்லுங்கள். உடனே பதில் போடுங்கள், நான் தபாலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ரதீசன்

•

லாசால்
27.01.2025

ரதீசன்,

அம்மா தைப்பொங்கலுக்கு அடுத்தநாள் போய்விட்டார். உன் போனுக்கு அடித்தேன், அணைந்து கிடந்தது. மலைமேலே பனிக்குள் இருக்கிறவனுக்கு எப்படிச் சொல்லுவது என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். மகன் இல்லாதபடியால் மருமகன் செய்யலாம் என்றார் ஐயர். அத்தான் கொள்ளிச்சட்டி பிடித்தார். நான் பின்னால் நின்றேன்.

எல்லாம் முடிந்து வீடு வெறித்துப்போன பிறகு உன் கடிதம் வந்தது. இடது கையில் ஏற்றச் சொல்லி எழுதியிருக்கிறாய். சால்வையைத் தேடி எடுத்தேன், நீ சொன்ன தட்டிலேயே இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன், தம்பிக்கு எவ்வளவு பாசம் என்று. அழுது முடிந்து முகம் கழுவும்போதுதான் உறைத்தது.

சித்திரை மட்டும் ஒரு கடிதமும் ஏறாது, இறங்காது என்று எழுதியது நீ. நான் மார்கழியில் போட்ட கடிதத்தை உனக்கு மேலே கொண்டுவந்தது யார்? நீ தையில் எழுதியதை இறக்கியது யார்? உன் மற்றக் கடிதங்களையும் எடுத்துப் பரப்பி வைத்துப் பார்த்தேன். நான் எழுதியதற்கெல்லாம் மறுமொழி, மலை ஏறி இறங்கிய நேரமே இல்லாமல் வந்திருக்கிறது.

நீ எங்கே இருக்கிறாய்? அதைக்கூட விடு. அப்பா எங்கே?

அஜந்தா

•

பைரகோட்
19.02.2025

அக்கா,

அம்மா இல்லை என்பதை உங்கள் முதல் வரியில் வாசித்துவிட்டு மிச்சத்தை இரண்டு நாள் வாசிக்கவில்லை. எனக்கு ஆறுதல் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை. உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

நான் மேலே போகவே இல்லை. வந்த முதல்நாளே, உங்களுக்கு முதற்கடிதம் எழுத முன்னமே, பாலம் வரைக்கும் போனேன். கம்பியில் தொங்கும் பாலம், கீழே வெள்ளைவெள்ளையாக ஆறு. நாலு பலகை நடந்தேன், பாலம் ஆடியது. கால் நின்றுவிட்டது, அக்கா. பின்னால் வந்த கோவேறு கழுதைக்காரர் சத்தம் போட்டார். பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து கரைக்கு வந்தேன். அடுத்தநாளும் போனேன். அதற்கடுத்தும். ஆட்கள் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி கடக்கிறார்கள். எனக்குக் கண்ணை மூடினாலும் கிளாலிதான் வந்தது. இப்போது நேகியின் கடையில் சமைக்கிறேன். அப்பா இங்கேதான் இருக்கிறார், பின்னறையில், என் தலைமாட்டுத் தட்டில். குளத்தைப் பற்றி எழுதியதெல்லாம் அப்பா நமக்குச் சொன்ன கதை.

இன்னொன்றும் இருக்கிறது. இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

அமாவாசைக்கு முன்னால், நீங்கள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நேகியின் போனில் அம்மாவுக்கு எடுத்தேன். அழுதுகொண்டு எல்லாம் சொன்னேன். திரும்பி வருகிறேன், அக்கா கொண்டுபோகட்டும் என்றும் சொன்னேன். அம்மா என்னை அழுது முடிக்க விட்டார். பிறகு சொன்னார்: “ஏலாட்டி விடு மோனை. செய்தனெண்டு அக்காவுக்கு எழுது, நான் சாப்பிடுறன். இல்லாட்டி அவள் வெளிக்கிட்டு வந்திடுவாள். பேந்து ஊருக்குள்ள உனக்குத்தான் கேவலம்.”

அதனால் எழுதினேன். அம்மா மேல் பழி போடவில்லை. எழுதிய கை என்னுடையது.

நான் எப்போது வர? சொல்லுங்கள்.

ரதீசன்

•

லாசால்
14.03.2025

ரதீசன்,

நீ பயந்ததில் எனக்குக் கோபமில்லை. பயம் யாருக்கும் வரும். “அக்கா, ஏலாமல் கிடக்கு” என்று ஒரு வரி எழுதியிருந்தால் கார்டெரிச் சமையற்கட்டை அப்படியே போட்டுவிட்டு வந்து உன்னைக் கையில் பிடித்துக் கடத்தியிருப்பேன். அது உங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் மறைத்திருக்கிறீர்கள்.

அம்மாவை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. நான் காலைப் பிடித்துக் கெஞ்சியும் தளர்த்தாத விரதத்தை உனக்காக ஒரு போனில் முடித்துவிட்டார். அப்பாவுக்காக இருந்த விரதம், அப்பா கரையாமலே முடிந்தது. அந்த நாலு இடியப்பத்தையும் நான் பிழிந்து, அவித்து, கண்ணீரோடு பரிமாறினேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். கோயிலில் ஊரே வாழ்த்த, தலையாட்டி ஏற்றுக்கொண்டார். பக்குவம் என்று நினைத்த நான் எவ்வளவு பெரிய விசரி!

ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் என் கையால் கஞ்சி குடித்தாரே. ஒருநாள், ஒரு பின்னேரம், சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன் மானம் காப்பாற்றப்பட வேண்டியதாக இருந்தது. எனக்கு அப்படிக் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்று நினைத்திருக்கிறார். இனி யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பேன்? அம்மாவின் பெட்டி சாமியறையில் இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக் கேட்கிறேன், “ஏனம்மா?” என்று.

நீ வரவேண்டாம். நான் வருகிறேன். வழி திறந்ததும் வைகாசியில் அங்கே நிற்பேன். அப்பாவின் பெட்டியை நேகியிடம் கொடுத்துவிட்டு, நான் வருகிற நாட்களில் வேறெங்காவது போய் இரு. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வந்துவிடும். இப்போது எனக்கு அது வேண்டாம்.

அஜந்தா

•

பைரகோட்
06.04.2025

அக்கா,

நீங்கள் சொன்னபடி செய்கிறேன். அப்பாவின் பெட்டியைப் புதுத்துணியில் சுற்றி நேகியிடம் கொடுத்துவிட்டேன். நான் பக்கத்து ஊரில் நிற்பேன்.

பாலத்தில் நடக்கும்போது கீழே பார்க்காதீர்கள். மேலே இரவில் குளிர் கடுமையாம், அப்பாவின் சால்வையைக் கொண்டுவாருங்கள். உங்களுக்குக் கோபம் ஆறாது என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ரதீசன்

•

சந்தோலி
20.05.2025

ரதீசன்,

நான் சுகம். கால் வீங்கியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது, மற்றும்படி சுகம். நீயும் சுகமாக இரு.

நீ இங்கிருந்து எழுதியதாக எழுதிய ஊரில் இருந்து நான் உண்மையாகவே எழுதுகிறேன்.

பாலத்தைப் பற்றி நீ சொன்னது பொய்யில்லை. எனக்கும் கால் நின்றுவிட்டது. நடுப்பாலத்தில் பலகையில் குந்திவிட்டேன். பெட்டியை முதுகில் சால்வையால் கட்டியிருந்தேன். “அப்பா, இந்தமுறை நீங்கள்தான் என்ர தோளிலை” என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு இருந்த இருப்பிலேயே நகர்ந்து நகர்ந்து மறுகரைக்குப் போனேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கேவலம் என்று நீங்கள் இருவரும் பயந்தது இவ்வளவுதான்.

குளம் நீலமில்லை. பச்சையும் மண்ணிறமுமாக, கோவேறு கழுதைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு குட்டை. மணிக்கூண்டு எப்போதோ எரிந்துபோய்விட்டதாம். வெள்ளைப் பாறை இருக்கிறது, அதில் மடத்துக்காரர்கள் உடுப்புக் காயப்போடுகிறார்கள். அப்பாவுக்கு அது யானையாகத் தெரிந்திருக்கிறது. இருபத்தைந்து வயதில் பார்த்தவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். நான் உடுப்புகளைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அதில் இருந்து அப்பாவை விட்டேன். சாம்பல் கரைக்குத் திரும்பி வந்தது, காற்று அப்படி. கையால் தண்ணீரை அள்ளித் தள்ளித் தள்ளி அனுப்பினேன். பெண்பிள்ளை விடக்கூடாது என்று தண்ணீர் சொல்லவில்லை. நன்றாக அழுதேன். பிறகு மடத்தில் ரொட்டியும் கிழங்கும் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அம்மாவை விடவில்லை.

இரண்டு பெட்டியோடும்தான் மேலே ஏறினேன் என்று நினைத்திருப்பாய். மொன்றியலில் இருந்து அம்மாவின் பெட்டியோடு வந்தேன், உண்மை. ஆனால் பைரகோட்டுக்கு மேலே கொண்டுவரவில்லை. “தம்பிதான் கொண்டுபோகவேணும், என்ன?” என்று என் கையைப் பிடித்துக் கேட்டார், நான் ஓம் என்றேன். நான் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றுகிறேன். அவரோடு விடவேண்டும் என்று அம்மா கேட்டபோது, அப்பா உன் தலைமாட்டில் இருக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியும். உன் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டாரோ, தன்னைக் கொண்டாவது உன்னை அந்தப் பாலத்தைக் கடக்கவைக்க நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. எனக்குத்தான் ஒன்றும் சொல்லப்படவில்லையே. அப்பா இப்போது மேலே இருக்கிறார். அம்மா கீழே, நேகியின் பின்னறையில், நீ அப்பாவை வைத்திருந்த அதே தட்டில் இருக்கிறார். சால்வையையும் இறங்கும்போது அங்கே வைத்துவிட்டுப் போவேன். இனி உன் பாடு.

நான் ஒருநேரச் சாப்பாடு இருக்கமாட்டேன். மூன்று நேரமும் சாப்பிடுவேன்.

இங்கே ஒரு தபாற்கந்தோர் இருக்கிறது. ஒரு மேசை, ஒரு மனுசன், ஒரு முத்திரை. மலையை விட்டு இறங்குகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் அவர் இங்கேயே முத்திரை குத்தித்தான் அனுப்புகிறார். பைரகோட்டில் குத்துவார்கள் என்று நீ எழுதியதும் பொய். இந்தக் கடிதத்தின் உறையைப் பார், நீல மையில் சந்தோலி என்று இருக்கும்.

இனி எனக்குக் கடிதம் எழுதாதே. மன்னிப்பும் கேட்காதே, மேகத்தைப் பற்றியும் எழுதாதே. அம்மாவை விட்ட அன்று, உள்ளே ஒன்றும் வைக்காமல் வெறும் உறையை ஒட்டி, இந்தக் கந்தோரில் லாசால் விலாசத்துக்குப் போடு. வேறு யாரிடமாவது கொடுத்துப் போடுவிக்கவும் உனக்கு வழி இருக்கிறது. அப்படிச் செய்தால் அது உனக்கும் அம்மாவுக்கும் இடையிலான கதை. என்னை விட்டுவிட்டுக் கதைப்பது உங்கள் இருவருக்கும் பழக்கம்தான்.

எழுத்து வேண்டாம். முத்திரை இருந்தால் காணும்.

அஜந்தா